மூன்றாம் பேசின்

1938 ஜூலை 18, திங்கள்

கச்சான் காற்று. கண்ணில் மணல், சோற்றில் மணல். கிணறு முழு உவர். நல்ல தண்ணீர் என்பது சாமித்தம்பி அண்ணன் வண்டியில் கொண்டுவந்து இறக்கும் இரண்டு குடம். எனக்கும் பாக்கியத்துக்கும் குடிக்க, சமைக்க, ஊசி அவிக்க எல்லாம் அதற்குள்.

செய்ய வேண்டியவை:
இறால் 20. (காத்தான்குடி இபுறாகீம் காக்காவிடம் சொல்லியாயிற்று.)
சிரிஞ்சு ஒழுகுகிறது. ஆஸ்பத்திரியில் வேறு கேட்க.
பூதக்கண்ணாடியைப் பெரிய மிஸ் விடுமுறை முடியும் வரை தருவாரா?
நீலச் சேலைக்கு ஓரம்.

பள்ளிக்கூடம் பூட்டிவிட்டதால் பேசின்களை வீட்டுக்கே கொண்டுவந்தாயிற்று. குசினிக்குப் பின் அறையில் வரிசையாக மூன்று. மூன்றுக்கும் உள்ளே அடுப்புக்கரி பூசியிருக்கிறது, முதலாவதில் பாதிக்கு மட்டும் பூச்சில்லை. கணக்கு எனக்கே குழம்பாமல் இருக்க இங்கே எழுதி வைக்கிறேன்.

பேசின் 1. கண் உள்ள இறால். வெள்ளைப் பக்கம் போனால் வெளுக்கும், கறுப்புப் பக்கம் வந்தால் கறுக்கும்.
பேசின் 2. கண்ணைக் காம்போடு வெட்டியவை. எங்கே விட்டாலும் கறுத்தே கிடக்கும். வெட்டிய கண்களை அரைத்துச் சாறெடுத்து ஊசியால் ஏற்றினால் ஒரு மணித்தியாலத்துக்குள் வெளுக்கும்.
பேசின் 3. இவையும் கண் வெட்டியவை. ஏற்றுவது வெறும் உப்புத் தண்ணீர். இவை வெளுக்கக் கூடாது.

கண் காம்பில் ஊறும் ஏதோ ஒன்று இரத்தத்தில் கலந்து போய் உடம்பின் நிறத்தை ஆளுகிறது. ஓமோன் என்று கொழும்பில் சொல்கிறார்கள். ஆனால் மூன்றாம் பேசினும் வெளுத்தால் என் பேச்செல்லாம் காற்றோடு போயிற்று. ஊசி குத்திய நோவில் வெளுத்தது என்பார்கள்.

மாசியில் பன்னிரண்டு தரம் செய்தேன். பன்னிரண்டும் சரி. ஜூனிலிருந்து மூன்றாம் பேசின் வெளுக்கிறது. இன்றும் ஆறில் ஐந்து.

ஜூனில்தான் கொழும்புப் பேராசிரியரின் கடிதம் வந்தது. மாசி முடிவு உறுதியானால் செப்டெம்பரில் கொழும்பு ஆய்வுகூடத்தில் எனக்கு ஓர் இடம். அதை வாசித்தவர்கள் இரண்டே பேர். ஒன்று நான். மற்றது பாக்கியம்.

ஜூலை 20, புதன்

ஆறில் நான்கு வெளுப்பு. இரண்டாம் பேசின் அளவுக்குப் பாலாக இல்லை, ஆனால் வெளுப்புத்தான்.

வேலை முறையைத் திரும்பத் திரும்ப யோசித்தேன். சாறு பழுதாகும் என்பதால் முதலில் இரண்டாம் பேசின். பிறகு பாக்கியம் சிரிஞ்சையும் ஊசியையும் பால் காய்ச்சும் சின்னப் பாத்திரத்தில் பத்து நிமிடம் அவிப்பாள். ஒரே சிரிஞ்சு, ஒரே ஊசி, வேறு வழியில்லை. ஆஸ்பத்திரியில் காட்டித் தந்த மாதிரியே செய்கிறோம். கொதித்தால் எல்லாம் சுத்தம். அவித்த தண்ணீரைக் கொட்டுவதில்லை. வடித்து ஆறவைத்து உப்பை அளந்து போட்டு, அதுவே மூன்றாம் பேசினுக்கு. என் ஏற்பாடுதான். இந்தக் கோடையில் ஒரு கோப்பை நல்ல தண்ணீரைக் கொட்டுகிறவளும் ஒரு மனுஷியா?

முறையில் பிழை இல்லை. ஆகவே ஆளில்தான்.

பாக்கியம் தமிழும் தையலும் படிப்பிக்கிறவள். ஓமோனாவது நண்டுக்காலாவது. ஆனால் பன்னிரண்டு வருஷமாக என்னோடு ஒரே வீட்டில் இருந்து ஒவ்வொன்றையும் பார்த்தவள். எந்தப் போத்தலில் எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள்.

மத்தியானம் இறால் சொதி. அவள் வைத்தது. நல்ல ருசி. ஏன் இவ்வளவு நன்றாக வைத்தாள்?

ஜூலை 21, வியாழன்

இறாலை மாற்றிவிடுகிறாளோ? இரண்டாம் பேசினில் வெளுத்ததை எடுத்து மூன்றாவதில் போட எவ்வளவு நேரம்? நான் குளிக்கும் நேரம் போதும்.

அதனால் மூன்றாம் பேசின் ஆறுக்கும் வால் துடுப்பில் நகவெட்டியால் சின்ன அடையாளம். யாருக்கும் சொல்லவில்லை.

வாசலில் அரிசி மா தூவிவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் காலடி இல்லை, எறும்பு ஒரு பட்டாளம். பாக்கியம் எட்டிப் பார்த்தாள்.

“என்னகா இது? மா கொட்டுண்டுட்டா?”

“ஓம்.”

“அரிசி விக்கிற விலையில,” என்று விளக்குமாறு எடுத்து வந்து கூட்டினாள். தடயத்தையும் சேர்த்துக் கூட்டினாள்.

ஐந்து வெளுப்பு. ஐந்துக்கும் வாலில் என் வெட்டு இருக்கிறது. மாற்றவில்லை. அப்படியானால் இன்னும் கெட்டிக்காரத்தனமாக ஏதோ.

ஜூலை 22, வெள்ளி

வெள்ளியில் பாக்கியம் மீன் மச்சம் தொட மாட்டாள். தலைக்கு வார்த்து, விபூதி பூசி, கொக்கட்டிச்சோலைக் கோயிலுக்கு யார் வண்டி போகிறது என்று விசாரித்துக்கொண்டு காலையிலேயே படலையைக் கடந்துவிட்டாள். அவித்தது, உப்புக் கலந்தது, ஏற்றியது, முழுக்க நான்.

நான்கு வெளுப்பு!

கொஞ்ச நேரம் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். பிறகு விளங்கியது. உப்பு ஜாடி. வியாழனே அதில் கண்ணை அரைத்துப் போட்டிருப்பாள். ஜாடியோடு உப்பை வாவியில் கொட்டினேன். கடையில் புது உப்பு.

ஜூலை 23, சனி

புது உப்பு. ஐந்து வெளுப்பு.

பல்லில் நோவு. கராம்பு வைத்தேன்.

ஜூலை 24, ஞாயிறு

மிஷன் கோயிலில் தோமாவைப் பற்றிப் பிரசங்கம். காயத்தில் விரல் போட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்ற தோமா. பாதிரி ஐயர் பேசும்போது இரண்டு தரம் என் பக்கம் பார்த்தார். அவரிடம் யார் என்ன சொன்னது?

விரல் போட்டுப் பார்த்ததில் என்ன பிழை என்று எனக்கு எப்போதும் விளங்கியதில்லை.

ஜூலை 26, செவ்வாய்

நேற்றே அவித்த தண்ணீரை வடித்து உப்புக் கலந்து, போத்தலுக்கு மெழுகு வைத்து, என் பெருவிரல் ரேகையைப் பதித்து, அலுமாரியில் பூட்டி, திறப்பைக் கழுத்துச் சங்கிலியில் போட்டுக்கொண்டேன். காலையில் மெழுகு அப்படியே. ரேகை அப்படியே.

ஐந்து வெளுப்பு.

அழுகை வந்தது. இரண்டு வருஷ வேலை. எனக்கு முப்பத்தாறு வயது. இந்த ஒரு வாசல்தான் திறந்தது, அதுவும் செப்டெம்பர் வரை.

பாக்கியம் கேத்தலோடு வந்து நின்றாள். “தேத்தண்ணி குடிச்சிட்டு அழு. வெறும் வயித்தில அழுதா தலை இடிக்கும்.”

“நீ ஏன் இஞ்ச நிண்டு பாக்கிறாய்?”

“நான் வேற எங்க நிக்கிற?” என்றாள். கேத்தலைக் கீழே வைத்து, “அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்கா,” என்றாள்.

எதற்காக அதைச் சொன்னாள்? நான் இன்னும் அவளிடம் எதையும் சொல்லவில்லையே.

ஜூலை 28, வியாழன்

முக்கியம். பின் படலையில் இபுறாகீம் காக்கா. பாக்கியம் கையில் மூடிய வாளி. நான் யன்னலோரம் இருந்தது தெரியாது.

அவள்: “அவவுக்குச் செல்லிப்போடாதீங்க காக்கா.”

அவர்: “நான் ஏன் புள்ள செல்லப்போறன்.”

காலி வாளியோடு திரும்பி வந்தாள். “ஆர் வந்தது?” என்று கேட்டேன். “காக்கா. நாளைக்கு எத்தின இறால் எண்டு கேட்டார்,” என்றாள். முகத்தில் ஒரு சின்ன மாற்றம். இறாலின் நிறம் மாறுவதை எத்தனை மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், மனுஷியின் முகம் மாறுவது எனக்குத் தெரியாதா?

வேலை முடிந்த இறாலை எல்லாம் எலுமிச்சை அடியில் புதைக்கச் சொல்லியிருந்தேன். அவள் பொறுப்பு. அவள் தையலுக்கு உட்கார்ந்ததும் மண்வெட்டியோடு போனேன். முழங்கை ஆழம். இரண்டு இடம். ஒரு இறால் இல்லை. ஓடு கூட இல்லை.

அப்படியானால் கண் வெட்டிய இறால் எங்கே போகிறது? யாருக்குப் போகிறது? நகரத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் நான் ஒருத்தி மட்டுமா?

ஜூலை 29, வெள்ளி

கேட்டுவிட்டேன். எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன், பிறகு மாற்றி நினைக்கக் கூடாது.

அவள் பூ பறித்துக்கொண்டு நின்றாள்.

“நான் கொழும்புக்குப் போறது உனக்கு விருப்பமில்லத்தானே?”

“இல்லத்தான்.”

மறுப்பாள் என்று நினைத்திருந்தேன். “அப்ப ஒத்துக்கொள்றாய்?”

“என்னத்த ஒத்துக்கொள்ற? நீ போனா இந்த வீட்டில நான் தனிய. ஆருக்கு விருப்பம் வரும்? போகாத எண்டு ஒரு நாள் செல்லியிருக்கிறனா?”

“செல்லல்ல. செஞ்சிருக்கிறாய். மூண்டாம் பேசின் ஆரு செய்த வேலை?”

அவளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது, அல்லது பிடித்த மாதிரிக் காட்டினாள். கையிலிருந்த பூவை ஒவ்வொன்றாகத் தட்டில் வைத்தாள்.

“பன்னிரெண்டு வருசம் ஒரு சட்டிச் சோறு திண்டிருக்கம், எஸ்தர்.”

“எலுமிச்சைக்குக் கீழ ஏன் ஒரு இறாலும் இல்ல?”

அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “தோண்டியும் பாத்தியா?” என்றாள். “தோண்டியும் பாத்தியா?” என்று இன்னொரு தரம், மெதுவாக.

கோபித்தாலாவது நன்றாக இருந்திருக்கும். எங்கே போகிறது என்று கடைசி வரை சொல்லவில்லை. குற்றமில்லாதவள் ஏன் சொல்ல மாட்டாள்?

ஜூலை 31, ஞாயிறு

பாக்கியம் போய்விட்டாள். பழுகாமத்தில் தமையன் வீட்டுக்கு. வேளாண்மை வெட்டு, ஆள் உதவி வேண்டுமாம். தையல் பெட்டியையும் கொண்டுபோய்விட்டாள். வேளாண்மை வெட்டத் தையல் பெட்டி எதற்கு? அடுத்த தவணைக்கு வேறு வீடு பார்த்துத் தரும்படி பெரிய மிஸ்ஸுக்குக் கடிதம் கொடுத்திருக்கிறாள். காரணம் எழுதவில்லையாம். பெரிய மிஸ் என்னிடம் கேட்டார். நானும் சொல்லவில்லை.

படலையடியில் வைத்துச் சொன்னாள்: “தண்ணிக்காரர் இப்பவும் ரெண்டு குடம் இறக்குவார். ஒண்டு போதுமெண்டா செல்லிப்போடு.”

நான் சொல்லவில்லை. இருக்கட்டும். ஒருத்திக்கு இரண்டு குடம், ராணி மாதிரி.

ஆகஸ்ட் 2, செவ்வாய்

ஆறில் ஒன்றும் வெளுக்கவில்லை!! கன்னங்கரேல். மூன்றாம் பேசின், ஆறும்.

ஒரு மணித்தியாலம், இரண்டு மணித்தியாலம், பின்னேரம் வரை பார்த்தேன். கறுப்பு. இரண்டாம் பேசின் பால் வெள்ளை. புத்தகத்தில் படம் போட்ட மாதிரி.

சந்தோஷத்தில் சோறு குழைந்துவிட்டது. ஊசி அவித்த தண்ணீரைக் கறிவேப்பிலைக்கு ஊற்றினேன், குடத்தில் நல்ல தண்ணீர் தளும்பக் கிடக்கும்போது பிச்சைக்காரி மாதிரி அதையெல்லாம் எதற்குச் சேர்ப்பது? உப்புக்கும் புதுத் தண்ணீரே.

அவள் போய் இரண்டு நாள். பேசின் சரி. இனி யார் என்ன சாட்சி சொல்ல வேண்டும்?

ஆகஸ்ட் 5, வெள்ளி

கறுப்பு. ஆறும்.

சோறு கொஞ்சமாக வைக்கத் தெரியவில்லை. மிச்சம் காகத்துக்கு.

ஆகஸ்ட் 9, செவ்வாய்

கறுப்பு. இதோடு மூன்று தரம். பேராசிரியருக்கு எழுதிவிட்டேன். அந்த வசனத்தை மட்டும் மூன்று தரம் திருத்தினேன்: “இடையில் நேர்ந்த பிழைகள் இவ்வீட்டில் உடனிருந்த ஒருவரின் தலையீட்டால் வந்தவை. அவர் இப்போது இங்கில்லை.” பெயர் போடவில்லை. நான் அவ்வளவு கெட்டவள் அல்ல.

தபாலில் போட்டுவிட்டு வரும் வழியில் அவளுடைய பள்ளிக்கூடப் பிள்ளை ஒருத்தியின் தாய் மறித்துக் கேட்டாள்: “பாக்கியம் ரீச்சருக்குச் சுகமில்லையா?” சுகம்தான் என்றேன்.

ஆகஸ்ட் 12, வெள்ளி

கறுப்பு. மழை இல்லை. காக்கா இறால் இறக்கிவிட்டு வாசலில் கொஞ்சம் நின்றார். ஏதோ சொல்ல வந்த மாதிரி. “என்ன?” என்றேன். “ஒண்டுமில்ல ரீச்சர்.” போய்விட்டார். இவரும் கூட்டுத்தான்.

நீலச் சேலைக்கு ஓரம் தைத்தேன். கோணல். பாக்கியம் தைத்திருந்தால் நூல் தெரியாது.

ஆகஸ்ட் 15, திங்கள்

சாமித்தம்பி அண்ணன் வரவில்லை. மாட்டுக்குக் கால் நோவாம். குடத்தில் அரைவாசி. அதை வைத்து நாளை வரை.

ஊசி அவித்த தண்ணீரைக் கறிவேப்பிலைக்கு ஊற்றக் கை போனது. நிறுத்தினேன். பழைய வழக்கப்படி வடித்து, ஆறவைத்து, உப்புப் போட்டு, மூன்றாம் பேசினுக்கு.

ஒரு மணித்தியாலம். ஐந்து வெளுப்பு.

வீட்டில் யாரும் இல்லை. படலை பூட்டு. நான், மூன்று பேசின், கூரையில் ஒரு பல்லி.

முதலில் என்ன செய்தேன் என்று எழுத வெட்கம். கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தேன்.

ஆகஸ்ட் 16, செவ்வாய்

தண்ணீர் வந்தது. வேறொருவர் வண்டி.

காலை: அவித்த தண்ணீரில் மூன்று இறால், புதுத் தண்ணீரில் மூன்று. அவித்த தண்ணீர் மூன்றும் வெளுத்தன. புதுத் தண்ணீர் மூன்றும் கறுப்பு.

பின்னேரம்: கண் சாற்றையே ஒரு பாத்திரத்தில் ஊற்றி அரை மணித்தியாலம் தளதளவென்று கொதிக்க வைத்தேன். குசினி முழுக்கச் சொதி வாசம். வடித்து, ஆறவைத்து, ஏற்றினேன். வெளுத்தது. பச்சைச் சாறு போலவே, பால் மாதிரி.

கொதியில் அது சாவதில்லை.

கிருமி சாகும். இது சாகவில்லை. சிரிஞ்சில் ஒட்டியிருந்த மிச்சம் அவிக்கும் தண்ணீரில் இறங்கி, அந்தத் தண்ணீரையே நான் “வெறும் தண்ணீர்” என்று பேர் வைத்து ஏற்றியிருக்கிறேன். மாசியில் கிணறு நல்ல தண்ணீர், யாரும் சேர்த்து வைக்கவில்லை, அதனால் சரி. ஜூனில் கிணறு உவர்த்தது, நான் சேர்த்து வைக்கச் சொன்னேன், அதனால் பிழை. கடிதம் வந்ததும் ஜூன் என்பது மட்டும் என் கண்ணில் பட்டது. பாக்கியம் போனதும் தண்ணீர் மிஞ்சியது, கொட்டினேன், சரியாகிவிட்டது. அவள் போனதால்தான் சரி என்று எழுதினேன். இரண்டு பக்கம் முன்னால் இருக்கிறது, என் கையெழுத்து.

எழுதியதைக் கிழிக்க நினைத்தேன். கிழிக்கவில்லை.

ஆகஸ்ட் 17, புதன்

இபுறாகீம் காக்காவைப் படலையில் மறித்தேன்.

“காக்கா, பாக்கியம் அந்த வாளியில உங்களுக்கு என்ன தந்தா?”

தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “செல்லப்படா எண்டு அந்தப் புள்ள கேட்டுது ரீச்சர். இனிச் செல்லலாம்தானே. உங்கட இறாலத்தான். கண்ணில்லாத இறாலெல்லாத்தையும் நம்மட தோணியில கொண்டுபோய் கண்டல் மரத்துப் பக்கம் விடச் செல்லிச்சு.”

“விட்டீங்களா?”

“விட்டன். ‘கண்ணில்லாதத விட்டா கொடுவா மீன் திண்டுருமே புள்ள’ எண்டும் செல்லிப் பாத்தன். ‘உசிரோட மண்ணுக்குள்ள தாக்கிறத்துக்கு அது பறவால்ல காக்கா’ எண்டுது.”

உயிரோடுதான் புதைக்கச் சொல்லியிருந்தேன். அதை நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

“உங்களுக்குக் கோவம் வருமெண்டு அதுக்குப் பயம்,” என்றார். “உங்கட வேலைக்கு அப்பிடிப் புதைக்கிறதும் ஒரு முறையாக்கும் எண்டு நினைச்சிது.”

ஆகஸ்ட் 18, வியாழன்

பேராசிரியருக்கு இரண்டாம் கடிதம். நகல் எடுத்தேன். நல்ல கடிதம். “கண் சாறு கொதியைத் தாங்குமா என்று அறிய விரும்பி அரை மணித்தியாலம் கொதிக்க வைத்தேன்.” பொய் ஒன்றும் இல்லை. விரும்பித்தான் கொதிக்க வைத்தேன். கொதியைத் தாங்குவதை இவ்வளவு தெளிவாக நான் வாசித்த புத்தகத்தில் எங்கும் காணவில்லை. அவர் மகிழ்வார். செப்டெம்பர் கைக்குள்.

அவித்த தண்ணீரைச் சேர்த்த கதை வந்தால்? இரண்டு மாதம் தன் ஊசித் தண்ணீர் என்னவென்றே தெரியாமல் இருந்தவள் என்பார். இப்படி ஒருத்தியை ஆய்வுகூடத்துக்குள் யார் எடுப்பார்?

கடிதத்தை உறையில் போட்டேன். ஒட்டவில்லை.

ஆகஸ்ட் 20, சனி

பழுகாமம் போய் வந்தேன். பஸ்ஸில் களுவாஞ்சிகுடி, அங்கிருந்து தோணி. வாவி நடுவில் காற்று. சேலை நனைந்தது.

தமையன் வயல் வட்டைக்குப் போய்விட்டார். பாக்கியம் முற்றத்தில் பெரிய கிடாரத்தில் நெல் அவித்துக்கொண்டிருந்தாள். கறுத்துப்போயிருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பவில்லை, ஒரு பலகையைத் தள்ளினாள்.

எல்லாம் சொன்னேன். ஊசி, தண்ணீர், உவர், கறிவேப்பிலை, கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தது கூட. அதற்குச் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. விறகைத் தள்ளிவிட்டாள்.

“அந்தத் தண்ணிய எடுத்து வை எண்டது ஆரு?”

“நான்.”

“பிழை என்ட எண்டு நினைச்சன். நான்தான் எதையோ பிழையா அவிச்சிட்டனாக்கும் எண்டு இஞ்ச வந்தும் யோசிச்சுக்கொண்டு இருந்தன்.”

மூன்று கிழமை இதை யோசித்திருக்கிறாள். நெருப்புப் புகை கண்ணில் பட்டது என்று முகத்தைத் துடைத்தேன்.

“மன்னிச்சுக்கொள் பாக்கியம்.”

“ம்.” நெல்லைக் கிளறினாள். “கொழும்புக்கு என்னப் பத்தி எழுதினியா?”

“பேர் போடல்ல.”

“அந்த வீட்டில ரெண்டு பேர். பேர் என்னத்துக்கு?” என்றாள். “பிழை என்ட இல்ல எண்டு மறுகா எழுதினியா?”

“எழுதிட்டன்,” என்றேன். வாய் தானாகச் சொன்னது.

கிளறுவதை நிறுத்தினாள். என் முகத்தை, நான் இறாலைப் பார்க்கும் விதமாகவே, குனிந்து பார்த்தாள்.

“நகல் வெச்சிரிப்பாய். நீ நகலில்லாம ஒண்டும் எழுத மாட்டாய். காட்டு.”

“கொண்டு வரல்ல.”

“அப்ப எழுதல்ல.”

சோறு போட்டாள். சாப்பிட்டேன். தோணிக்கு நேரமாயிற்று என்று சொன்னதும் அவளே. திரும்பி வருவாயா என்று கேட்டேன். “வேளாண்மை வெட்டி முடியட்டும், பாப்பம்,” என்றாள். துறை வரை வரவில்லை.

இப்போது தெரிகிறது, அப்படி ஒருத்தி பார்க்கும்போது எப்படி இருக்கும் என்று.

ஆகஸ்ட் 21, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. வியாழன் கடிதத்தை அடுப்பில் போட்டேன். புதிது எழுதினேன்.

எழுதியது: கோடையில் நல்ல தண்ணீர் குறைவு. ஊசி அவித்த தண்ணீரையே உப்புத் தண்ணீராக்கும்படி சொன்னவள் நான். மூன்றாம் பேசின் வெளுத்தது அதனால். கண் சாறு கொதியைத் தாங்கும் என்று தெரிய வந்ததும் அந்தப் பிழையால், என் கெட்டித்தனத்தால் அல்ல. ஒன்பதாம் திகதிக் கடிதத்தில் என்னோடிருந்த ஒருவர் மேல் பழி சொன்னேன். அவர் பெயர் பாக்கியம், பள்ளிக்கூட ஆசிரியை. அவர் ஒன்றும் செய்யவில்லை. அவர் அவித்தது சரியாகவே அவித்தார்.

கடைசி வரிக்கு விஞ்ஞானத்தில் இடமில்லை. இருந்தாலும் விட்டேன்.

எழுதி முடித்ததும் பயம். செப்டெம்பர் போய்விட்டது என்றே நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 22, திங்கள்

காலையிலேயே கொழும்புக் கடிதம் தபாலில். பாக்கியத்துக்கான நகல் காக்காவிடம். அவருடைய மருமகன் நாளை பழுகாமம் பக்கம் துணி விற்கப் போகிறாராம். உறையை ஒட்டாமல் கொடுத்தேன்.

“ஒட்டல்லயே ரீச்சர்,” என்றார்.

“தேவையில்ல காக்கா. ஆரும் வாசிக்கட்டும்.”

அவர் போனதும் மூன்றாம் பேசினைத் தூக்கிக்கொண்டு நானே துறைக்குப் போனேன். ஆறு இறால். தண்ணீரில் சரித்ததும் ஒரே இடத்தில் சுற்றின, பிறகு காணவில்லை. கொடுவா இருந்ததா என்று தெரியாது.

வந்தபோது சாமித்தம்பி அண்ணன் வண்டி வாசலில். மாட்டுக்குக் கால் சுகம். “ஒரு குடமா, ரெண்டா ரீச்சரம்மா?” என்று கேட்டார். இரண்டையும் இறக்கச் சொன்னேன்.